சிங்கிள் ஓனராம், டாக்டர் வண்டியாம்!

செகண்ட் ஹேண்டில் ஒரு டியூக் 390 பைக் வாங்க ஆசைப்பட்டது குற்றமா? தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறியாயிற்று. மிச்சம் பஸ் டிக்கெட்தான்.

விற்கிறவன் எல்லாருக்கும் ஒரே பல்லவி. ‘சிங்கிள் ஓனர் அண்ணா, டாக்டர் ஓட்டினது, பத்து பைசா செலவில்லை.’ 373 சிசி வண்டியை நாட்டில் டாக்டர்கள் மட்டும்தான் வாங்குகிறார்கள் போல! ஆர்சி விவரத்தை போனில் தட்டினால் மூன்றாவது ஓனர். கேட்டால், ‘அது ஃபேமிலிக்குள்ள மாத்தினதுண்ணா.’

போன வாரம் பார்த்தது கேஏ பதிவு, அதாவது கர்நாடகா வண்டி, 2019 மாடல். மீட்டரில் 8,400 கிலோமீட்டர். குனிந்து பின் டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் நாலு எண்: 2823. அதாவது 2023-இல் 28-ஆவது வாரம் தயாரானது. முன் டயரும் அதே வருஷம். எட்டாயிரத்துக்குள் இரண்டு டயருமா தேய்ந்து போகும்? பிரேக் டிஸ்க்கைத் தடவினால் விளிம்பில் நகம் மாட்டுகிறது, அவ்வளவு தேய்மானம். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தேன். அதற்கு மேல் திரும்பாமல் தடுக்கிற சேஸ் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறது, அதன் மேல் புது ஆரஞ்சு பெயிண்ட். எங்கேயோ நல்லா போய் இடித்திருக்கிறது. இதை நம்பி நான் தொப்பூர் கணவாய் இறங்கணும்!

‘ஓட்டிப் பார்க்கலாமா தம்பி?’

‘முழுப் பணத்தையும் கையில கொடுத்துட்டு ஓட்டுங்கண்ணா.’

சரி, அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, விடுங்கள். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லைன்னு தருகிற என்ஓசி? ‘ரெண்டு நாள்ல வந்துடும்.’ ஆர்சியில் லோன் அப்படியே நிற்கிறது; பைனான்ஸ்காரன் சம்மதிக்காமல் எந்த என்ஓசி வரும்? அதில்லாமல் எங்கள் தர்மபுரி டிஎன் 29 நம்பர் கேட்டு ஆர்டிஓ ஆபீஸில் போய் நின்றால் சிரிப்பார்கள். இங்கே ரோடு டாக்ஸ் வேறு கட்டணும். அதை ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

அடிபட்ட வண்டியா, சொல்லித் தொலையேன்! நாற்பதாயிரம் ஓடியதா, அதையும் சொல்லேன்! விலையைக் குறைத்து வாங்கி, ஹேண்டில் கோன் செட், செயின் ஸ்பிராக்கெட் எல்லாம் மாற்றிக்கொண்டு நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவேனே. நான் என்ன ஷோரூம் வண்டியா கேட்டேன்?

டயர் விஷயத்தை அவனிடம் நேராகவே கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். மறுநாள் விளம்பரத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: ‘இரண்டு டயரும் புதுசு.’