எந்த நொடியிலிருந்து எண்ணுவது?

"சட்டிலா ஷோர்ஸில் இருக்கிறேன். தெருவில் ஒரு கறுப்பு ஆள் ஓடிக்கொண்டிருக்கிறான்."

2020 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை மதியம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பிரன்ஸ்விக் நகரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பிலிருந்து 911-க்கு வந்த அழைப்பு இது. பேசியவர் கிரிகரி மெக்மைக்கேல். முன்னாள் போலீஸ்காரர், மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் புலனாய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவசர உதவி எண்ணுக்கு அழைத்து அவர் சொன்ன அவசரம் ஒருவன் ஓடுகிறான் என்பதுதான். அடுத்த சில நொடிகளில், ஓடிக்கொண்டிருந்த அஹ்மாத் ஆர்பரி கிரிகரியின் மகன் டிராவிஸின் துப்பாக்கிக்கு இரையானார். வயது 25. கையில் ஆயுதம் இல்லை, பையில் திருட்டுப் பொருள் எதுவும் இல்லை.

இந்த வழக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். துப்பாக்கிச் சூடோ தெருச் சண்டையோ எங்கே நடந்தாலும் நம் டைம்லைனில் ஒரே வாதம் திரும்பத் திரும்ப வருகிறது: "அந்த நேரத்தில் அவன் உயிருக்கு ஆபத்து இருந்ததா இல்லையா? இருந்தது. அப்புறம் என்ன, தற்காப்புதானே!" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த "அந்த நேரம்" எப்போது தொடங்குகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. என் சண்டையெல்லாம் அந்த இடத்தில்தான்.

ஆர்பரியின் கடைசி நொடிகளை மட்டும் வெட்டியெடுத்துப் பாருங்கள். ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் ஷாட்கன்னோடு நிற்கிறார். ஓடி வந்தவர் வண்டியைச் சுற்றிப் போய், துப்பாக்கியைப் பிடித்து மல்லுக்கட்டுகிறார். துப்பாக்கி வெடிக்கிறது, மூன்று முறை. இந்தத் துண்டை மட்டும் காட்டினால், "துப்பாக்கியை அவன் பிடுங்கியிருந்தால் என்னைச் சுட்டிருப்பான், நான் சுட்டேன்" என்று டிராவிஸ் சொன்னது நம்பும்படியாகக்கூட இருக்கும். வழக்கைப் பார்த்த இரண்டாவது அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் பார்ன்ஹில் அப்படித்தான் பார்த்தார். கைது செய்யப் போதிய முகாந்திரம் இல்லை, ஷாட்கன்னைப் பிடித்துச் சண்டையைத் தொடங்கியவர் ஆர்பரிதான் என்கிற தொனியில் போலீஸுக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் அவர் வழக்கிலிருந்து விலகினார். இவ்வளவுக்கும் அவருடைய மகன் அதே கிரிகரியோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இரண்டு மாதத்துக்கு மேல் யாரும் கைதாகவில்லை. மே 5 அன்று வீடியோ வெளியே வந்தது. மே 7 அன்று அப்பாவும் மகனும் கைதானார்கள். நீதி எந்த வேகத்தில் நகர்ந்தது என்பதற்கு இந்த இரண்டு தேதிகள் போதும்.

இப்போது படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டுங்கள்.

ஐந்து நிமிடம் துரத்தியிருக்கிறார்கள். மெக்மைக்கேல்கள் ஒரு வண்டியில், பக்கத்து வீட்டுக்காரர் வில்லியம் பிரையன் இன்னொரு வண்டியில். ஆர்பரி திரும்பி ஓடினால் ஒரு வண்டி மறிக்கிறது, இந்தப் பக்கம் ஓடினால் இன்னொன்று. பிரையன் தன் வண்டியாலேயே அவரை ஒதுக்கப் பார்த்தார், செல்போனில் படமும் எடுத்தார். எலி மாதிரி மாட்டிக்கொண்டான் என்று கிரிகரியே போலீஸிடம் சொல்லியிருக்கிறார். நிற்காவிட்டால் தலையைச் சிதறடித்துவிடுவேன் என்று கத்தியதையும் அவரே சொன்னார். குடியிருப்பில் கட்டி முடிக்காத ஒரு வீட்டுக்குள் ஆர்பரி போய் வந்தார், அது உண்மை. அங்கிருந்து எதுவும் திருடு போகவில்லை. அன்றைக்கு எந்தக் குற்றத்தையும் மூவரும் கண்ணால் பார்க்கவில்லை.

குறுக்கு விசாரணையில் டிராவிஸ் ஒப்புக்கொண்டதை நான் மறக்கவே மாட்டேன். ஆர்பரி ஆயுதம் எதையும் காட்டவில்லை, மிரட்டவில்லை, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஐந்து நிமிடமும் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஓடினார்.

இந்த இடத்தில் எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. "அவன் ஏன் நிற்கவில்லை? ஏன் துப்பாக்கியைப் பிடிக்கப் போனான்?" என்று கேட்பவர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: ஆர்பரிக்குத் தற்காப்பு உரிமை கிடையாதா? முன்பின் தெரியாத மூன்று பேர், இரண்டு வண்டி, இரண்டு துப்பாக்கி. ஓடிப் பார்த்தாயிற்று, முடியவில்லை. அதற்குப் பிறகு வெறுங்கையோடு அவர் செய்த அந்தக் கடைசி முயற்சிக்கு என்ன பெயர்? அந்தத் தெருவில் தற்காப்புக்காகப் போராடியவர் அவர் ஒருவர்தான். உயிரோடு இருப்பவர் மட்டும்தான் கூண்டில் ஏறி "பயந்துவிட்டேன்" என்று சொல்ல முடியும் என்பதால், செத்தவரின் பயம் பதிவேட்டிலேயே ஏறுவதில்லை. தற்காப்பு வழக்குகளின் மிகப் பெரிய அநியாயம் இது என்று நினைக்கிறேன்.

ஜார்ஜியா சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தாக்குதலைத் தொடங்கியவர் தற்காப்பைக் கோர முடியாது. முழுதாக விலகி, விலகியதை எதிராளிக்கும் தெரிவித்திருந்தால்தான் அந்த உரிமை திரும்பக் கிடைக்கும். எதிராளி அடிக்க வரட்டும், அதைச் சாக்காக வைத்து அடிக்கலாம் என்று சீண்டியவருக்கும் அந்த உரிமை இல்லை. அரசுத் தரப்பில் வாதாடிய லிண்டா டுனிகோஸ்கி இதைத்தான் பிடித்துக்கொண்டார்: அபாயத்தை நீங்களே உருவாக்கிவிட்டு, அதிலிருந்து தப்பிக்கக் கொன்றேன் என்று சொல்ல முடியாது. எதிர்த்தரப்புக்கு மிஞ்சியது பொதுமக்கள் கைது செய்யலாம் என்கிற பழைய சட்டம் மட்டும்தான். 1863-இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில், அடிமை முறை நடப்பில் இருந்தபோது எழுதப்பட்டது அது. யாரைப் பிடிக்க யாருக்கு அந்த அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

2021 நவம்பர் 24. மூவரும் குற்றவாளிகள். பதினோரு வெள்ளையர்களும் ஒரே ஒரு கறுப்பினத்தவரும் இருந்த ஜூரி தந்த தீர்ப்பு. அப்பாவுக்கும் மகனுக்கும் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. தண்டனையை அறிவித்த அன்று நீதிபதி டிமோதி வால்ம்ஸ்லி நீதிமன்றத்தில் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆர்பரி துரத்தப்பட்ட ஐந்து நிமிடத்தில் ஒரு துண்டு எவ்வளவு நீளம் என்று எல்லோரும் உணரட்டும் என்பதற்காக. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. ஆனாலும் அந்த வழக்கின் சாரமே அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. கடைசி நொடியிலிருந்து எண்ணாதே, ஐந்து நிமிடத்தையும் எண்ணு.

ஆர்பரி வழக்கின் தீர்ப்புக்கு ஐந்து நாள் முன்பு, நவம்பர் 19 அன்று, விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் இன்னொரு ஜூரி இன்னொரு தீர்ப்பைச் சொன்னது. இதைப் பற்றிப் பேசாமல் ஆர்பரி வழக்கை மட்டும் பேசினால் நான் எனக்கு வசதியான வழக்கைப் பொறுக்கியெடுத்ததாகிவிடும்.

2020 ஆகஸ்ட் 23 அன்று ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் பின்னாலிருந்து பலமுறை சுட்டது. ஊர் கொந்தளித்தது. கடைகள் எரிந்தன. 25 இரவு, பக்கத்து மாநிலமான இலினாயில் இருந்த கைல் ரிட்டன்ஹவுஸ் ஏஆர்-15 ரகத் துப்பாக்கியோடு அங்கே ஒரு கார் விற்பனை நிலையத்தைக் காவல் காக்கப் போனார். வயது 17. அந்த வயதில் தானே வாங்க முடியாது என்பதால் நண்பர் மூலம் வாங்கிய துப்பாக்கி. அன்றிரவு ஜோசப் ரோசன்பாம், ஆண்டனி ஹியூபர் இருவரும் இறந்தார்கள். மூன்றாவதாகச் சுடப்பட்ட கேஜ் கிராஸ்குரைட்ஸ் கையில் காயத்தோடு பிழைத்தார்.

நேர்மையாகச் சொல்கிறேன், கடைசி நொடிகளை மட்டும் பார்த்தால் ரிட்டன்ஹவுஸின் வாதம் டிராவிஸுடையதைவிடப் பல மடங்கு வலுவானது. ரோசன்பாம் அவரைத் துரத்தினார், அதுவும் வீடியோவில் இருக்கிறது. துப்பாக்கியை நோக்கிப் பாய்ந்தார் என்று பக்கத்திலிருந்த சாட்சி சொன்னார். ஹியூபர் ஸ்கேட்போர்டால் அடித்தார். கிராஸ்குரைட்ஸ் கையில் கைத்துப்பாக்கி இருந்தது, அது ரிட்டன்ஹவுஸ் பக்கம் திரும்பியிருந்தபோதுதான் தன்னைச் சுட்டார் என்று அவரே சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பின் மேல். இந்தச் சாட்சியங்களை வைத்து அது முடியாது. அந்த ஜூரியில் நான் இருந்திருந்தாலும், இருக்கிற சட்டத்தின்படி, அதே விடுதலைத் தீர்ப்பைத்தான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இதை எழுதினால் என் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். ஒருவரைப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சட்டத்தை வளைத்து உள்ளே தள்ளச் சொன்னால், நாளை அதே வளைந்த சட்டத்தில் முதலில் மாட்டுவது ஆர்பரி மாதிரியான ஆட்கள்தான்.

சரி, சட்டம் அவரை விடுவித்தது. பொறுப்பும் அதோடு போயிற்றா?

அன்றிரவு ஹியூபர் என்ன நினைத்திருப்பார்? ஒருவன் ஒரு ஆளைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியோடு ஓடுகிறான், மடக்க வேண்டும் என்றுதானே? கிராஸ்குரைட்ஸும் அவனைக் கொலைகாரன் என்றுதான் நம்பினார். எல்லோரும் தாங்கள்தான் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் இருந்தார்கள். அந்த இரவை அப்படி ஆக்கியது அங்கே ஊர்சுற்றிக்கொண்டிருந்த துப்பாக்கிகள். ரிட்டன்ஹவுஸ் வெறுங்கையோடு போயிருந்தால் ரோசன்பாமிடம் இரண்டு அடி வாங்கியிருக்கலாம். ஹியூபர் உயிரோடு இருந்திருப்பார். பிடுங்கிவிடுவார்கள் என்று அவர் பயந்த அந்தத் துப்பாக்கியை அங்கே கொண்டுபோனவர் அவரேதான். 'என் ஆயுதத்தை அவன் எடுத்துவிடுவான் என்று பயந்து கொன்றேன்' என்ற வாதம் டிராவிஸிடமும் இருந்தது, ரிட்டன்ஹவுஸிடமும் இருந்தது. இது எனக்கு முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. ஆயுதம் வைத்திருப்பதே ஆயுதத்தைப் பயன்படுத்துவதற்கான காரணமாகிவிடுகிறது. அப்புறம் வெறுங்கையோடு வந்தவர் எந்த நிலையில் இருந்தாலும் கொல்லத்தக்கவர்தான்.

விஸ்கான்சின் சட்டத்தின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. அங்கேயும் சீண்டியவருக்குத் தற்காப்பு உரிமையைக் குறைக்கும் பிரிவு உண்டு. ஆனால் அந்தச் சீண்டல் ஒன்று சட்டவிரோதமான செயலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கொல்வதற்குச் சாக்காகவே திட்டமிட்டுச் செய்ததாக இருக்க வேண்டும். துப்பாக்கியை வெளிப்படையாகத் தூக்கிக்கொண்டு நடப்பது அங்கே குற்றமில்லை. 17 வயதில் வைத்திருந்ததே குற்றம் என்ற குற்றச்சாட்டும், குழலின் நீளத்தைப் பற்றிய ஒரு சட்ட நுணுக்கத்தால், தள்ளுபடியானது. மிச்சம் இருந்தது ஒரு மங்கலான டிரோன் வீடியோ. அவர் முதலில் துப்பாக்கியை யாரையோ நோக்கித் தூக்கினாரா என்று புள்ளி புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பற்றியெரியும் ஊருக்குள் ஒரு பையன் ஏன் அப்படியொரு துப்பாக்கியோடு போனான் என்ற பெரிய கேள்வி, சட்டத்தின் கண்ணில் கேள்வியாகவே இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறாரானது. 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்திலேயே, திடீர்க் கோபமூட்டலால் நடந்த கொலைக்குச் சலுகை கேட்பவர் அந்தக் கோபமூட்டலைத் தானே வலியத் தேடிக்கொண்டவராக இருக்கக்கூடாது என்று இருக்கிறது. போலீஸிடம் போக அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது என்பது 99-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 37-ஆக வந்திருக்கிறது. நடைமுறையில் நம் நீதிமன்றங்களில் என்னென்ன நடக்கிறது என்பது வேறு கதை. எழுதியவர்கள் கடிகாரத்தை முன்னாலிருந்தே ஓட விட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எடுத்தேன்.

விடுதலையான அடுத்த மாதமே, 2021 டிசம்பரில், ஃபீனிக்ஸ் நகரில் ஒரு வலதுசாரி மாநாட்டு மேடையில் ரிட்டன்ஹவுஸ் ஏறினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதைத்தான். விடுதலை என்பது அரசு அவரைச் சிறையில் அடைக்க முடியாது என்பது மட்டும். இரண்டு பேர் செத்த ஒரு இரவுக்கு மேடை போட்டு மாலை மரியாதை செய்தால், அடுத்த ஊர் எரியும்போது துப்பாக்கியோடு கிளம்பப் போகிற பையன்களுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? தற்காப்பு என்பது வேறு வழியே இல்லாமல் போனவருக்குக் கொடுக்கிற மன்னிப்பு. அதைப் பதக்கமாக்கி நெஞ்சில் குத்திக்கொண்டவர்களுக்கு அதன் அர்த்தமே தெரியவில்லை.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை ஜார்ஜியா செய்தும் காட்டியிருக்கிறது. ஆர்பரி இறந்து பதினைந்து மாதத்துக்குள், குடியரசுக் கட்சி ஆளுநர் கையெழுத்திட்டு, 1863-இன் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். விஸ்கான்சின் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது: கலவரம் நடக்கும் இடத்துக்கு ஆயுதத்தோடு தானாகத் தேடிப் போனவர் தற்காப்பு என்று சொல்லும்போது, அவர் ஏன் போனார், எதைக் கொண்டுபோனார் என்பதையும் ஜூரி எடைபோடலாம் என்று ஒரு வரி. குழலின் நீளத்தை அளக்க நேரம் இருந்தவர்களுக்கு இதற்கும் நேரம் இருக்க வேண்டும்.