பூட்டிய படலைகளும் போன ஆசனங்களும்

எங்கள் ஒழுங்கையில் 11 வீடுகள். இரவில் விளக்கு எரிவது ஐந்தில்தான். மிச்சத்துக்குப் பூட்டு. அதில் ஒரு வீட்டுக்குப் புது மாபிள்கூடப் போட்டிருக்கிறார்கள். பின்னேரம் ஒருவர் வந்து பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போவார். சொந்தக்காரர் டொரொன்டோவில்.

1981 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் வடமாகாணத்துச் சனத்தொகை 11 இலட்சத்துக்குச் சற்று மேல். அதன்பின் 2012இல்தான் முழுதாக எண்ண முடிந்தது. அப்போது 10.6 இலட்சம். இதே காலத்தில் முழு நாடும் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சத்திலிருந்து 2 கோடியே 3 இலட்சமாகிவிட்டது. அந்த வேகத்தில் நாங்களும் வளர்ந்திருந்தால் 15 இலட்சம் பேர் இருந்திருப்போம்.

குறைந்த அத்தனை பேரும் செத்தவர்களோ போனவர்களோ இல்லை. பெரியப்பாவுக்கு 6 பிள்ளைகள். நாலு பேர் ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிநாடு போனார்கள். ஒருவன் வீடு திரும்பவில்லை (எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் கேட்பதில்லை). கடைசி அக்கா மட்டும் இங்கே. பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் 9 பேர், ஊரில் பிறந்தது 2. போனவர்கள் எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயதில் போனவர்கள், பிள்ளை பெறும் வயதில். இங்கே பிறக்காமல் போன பிள்ளைகளும் அந்தக் குறைந்த கணக்கில்தான்.

ஆட்கள் குறைந்தால் பாராளுமன்ற ஆசனமும் குறையும். பதிவான வாக்காளர் தொகையை வைத்துத்தானே பங்கிடுகிறார்கள். கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. வெளிநாடு போனவர்களின் பெயர்கள் வருடக்கணக்காக வாக்காளர் இடாப்பில் கிடந்தன. திருத்தினார்கள், ஆசனமும் போனது. இதில் சதி தேடுகிறவர்கள் முதலில் தங்கள் ஒழுங்கையில் பூட்டிய படலைகளை எண்ணட்டும்.

இன்னொன்று. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், ஏறத்தாழ 70,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம். வடக்கின் இழப்பைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

அப்புறம், ‘ஆளுக்கு நாலு பிள்ளை பெறுங்கோ’ என்று லண்டனிலிருந்து பதிவு போடும் அண்ணைமார். பெறுவது இருக்கட்டும், பெற்றதே நிற்குதில்லை. இப்போது ஷெல் விழுவதில்லை, ஆனாலும் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பாஸ்போர்ட் எடுக்காத பொடியன்களைக் காண்பதே அரிது. வேலையும் ஒழுங்கான சம்பளமும் இல்லாத இடத்தில் யாரைப் பிடித்து வைப்பது?

அக்காவின் மூத்தவன் போன மாதம் ஐஈஎல்டிஎஸ் (வெளிநாடு போகக் கேட்கும் ஆங்கிலச் சோதனை) வகுப்பில் சேர்ந்திருக்கிறான். கட்டணத்தில் பாதி நான்தான் கொடுத்தேன்.