என்செலடஸ் கடலில் உயிர்கள் கிடைத்துவிட்டனவா?

"சனியின் நிலா என்செலடஸின் பனிக்கடியில் உள்ள கடலில் உயிரினங்களை நாசா கண்டுபிடித்துவிட்டது" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. கடல் உண்மை, உயிர்தான் கட்டுக்கதை.

சுமார் 500 கி.மீ. விட்டமே உள்ள குட்டி நிலா அது. அதன் தென்துருவத்தில் புலியின் வரிகளைப் போல நான்கு நீண்ட பிளவுகள். அவற்றிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீய்ச்சியடிப்பதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. 2015 அக்டோபரில் அந்த நிலாவின் தரையிலிருந்து வெறும் 49 கி.மீ. உயரத்தில் அந்தப் பீய்ச்சலுக்குள்ளேயே புகுந்து சென்றது. அங்கே சிக்கியது ஹைட்ரஜன் வாயு. கடலடியில் வெந்நீரும் பாறையும் வினைபுரிவதால் அது உருவாகியிருக்கலாம் என 2017இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நம் ஆழ்கடலில் ஹைட்ரஜனையே தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு பரபரப்பு. காசினியின் பழைய தரவுகளை அலசியதில், பனித்துகள்களில் பாஸ்பேட் உப்பு இருப்பது 2023இல் தெரியவந்தது. பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸ் நம் டிஎன்ஏவிலும் உண்டு. வதந்திக்கு இது போதாதா!

ஆனால் உப்பும் புளியும் வீட்டில் இருந்தால் ரசம் கொதிக்கிறது என்று ஆகிவிடுமா? காசினியில் நுண்ணோக்கியே கிடையாது. துகள்களின் நிறையை அளந்து வேதிப்பொருளைச் சொல்லும் கருவிகள்தான் இருந்தன. கடலுக்குள் அது இறங்கவும் இல்லை. ஆகவே "கடலடிப் படம்" என்று வருவதெல்லாம் கற்பனை ஓவியமே. 2017 செப்டம்பர் 15இல் காசினி சனிக்குள் பாய்ந்து எரிந்துபோனது. அதன்பின் எந்த விண்கலமும் அந்த நிலாவை நெருங்கவில்லை.