ரெபானேவைப் புரிந்துகொள்கிறேன், சல்யூட் அடிக்க முடியாது

எஸ்தோனிய ராணுவ அதிகாரி அல்போன்ஸ் ரெபானேவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் நாஜி, பேச்சு முடிந்தது. இன்னொரு கட்சிக்கு சோவியத்தை எதிர்த்த மாவீரர். எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இருக்கிறது.

1908இல் வால்கா ஊரில் பிறந்தவர். சுதந்திர எஸ்தோனியாவின் படையில் அதிகாரி. 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் போட்டுக்கொண்ட ரகசியப் பாகப்பிரிவினையில் அவருடைய நாடு ஸ்டாலின் பங்குக்குப் போனது. 1940இல் செம்படை வந்தது, ரெபானேவின் வேலை போனது. கட்டட வேலைக்குப் போனார், பிறகு தலைமறைவானார். 1941 ஜூன் 14 அன்று குழந்தை குட்டிகளோடு சுமார் பத்தாயிரம் பேரை ரயிலில் ஏற்றி ரஷ்யாவுக்குள் கொண்டுபோனார்கள். அடுத்த வாரமே ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியது. அந்த நேரத்தில் ஜெர்மன் துப்பாக்கியைக் கையில் வாங்கியவரை, வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும் நான் திட்ட மாட்டேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லையே! ஜெர்மானியர்கள் எஸ்தோனியாவைப் பிடித்தபோது, தப்பிப் போகாமல் அங்கே மிஞ்சியிருந்த யூதர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். சில மாதங்களில் அவர்களைக் கொன்று முடித்தார்கள். அதில் உள்ளூர் ஆட்களின் கையும் உண்டு. 1942 ஜனவரியில், யூத இன அழிப்பை ஒருங்கிணைக்க நாஜி அதிகாரிகள் கூடிய வான்சே கூட்டத்துப் பட்டியலில் எஸ்தோனியாவுக்கு நேரே 'யூதர் இல்லை' என்று எழுதியிருந்தது. இதை விட்டுவிட்டு ரெபானேவின் வீரத்தை மட்டும் பாடுவது களவாணித்தனம்.

1944இல் ஆயிரக்கணக்கான எஸ்தோனியப் பையன்களை ஜெர்மானியர்கள் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.ஸில் கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்டவர்களை, போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பே தனியாகப் பிரித்து வைத்தது. ரெபானே அந்த ரகம் இல்லை, ஜெர்மன் படைக்குத் தானாகப் போனவர். 1944 பிப்ரவரியில் ஜெர்மனியின் உயர்ந்த வீரப் பதக்கமான நைட்ஸ் கிராஸ் வாங்கிய முதல் எஸ்தோனியர். அதற்குப் பிறகு 20ஆவது எஸ்.எஸ். டிவிஷனில் ரெஜிமெண்ட் தளபதி.

போருக்குப் பிந்தைய அத்தியாயத்தைத்தான் யாரும் சரியாகப் பேசுவதில்லை. இங்கிலாந்து போனவரை பிரிட்டிஷ் உளவுத்துறை எம்.ஐ.6 வேலைக்கு எடுத்தது. பால்டிக் நாட்டு அகதி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரவோடு இரவாகப் படகில் கொண்டுபோய்ச் சொந்தக் கரையிலேயே இறக்கிவிடும் திட்டம். பெயர் 'ஆபரேஷன் ஜங்கிள்'. எஸ்தோனியப் பிரிவு இவர் பொறுப்பு. சோவியத் உளவுத்துறை முன்னாடியே உள்ளே புகுந்திருந்தது. காட்டில் ஒளிந்திருந்த சோவியத் எதிர்ப்பாளர்கள் அனுப்பியதாக நம்பிய வானொலிச் செய்திகளில் பலவும் மாஸ்கோவின் ஆட்டம். அதை நம்பி இன்னும் ஆட்களை அனுப்பினார்கள்; போன பையன்கள் நேராக வலையில் விழுந்தார்கள். ரெபானே பிறகு ஜெர்மனியில் குடியேறி, 1976இல் ஆக்ஸ்பர்க்கில் இறந்தார்.

1999இல் அவருடைய எச்சங்களை எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்குக் கொண்டுவந்து, முன்னாள் அதிபர் கான்ஸ்டன்டின் பாட்ஸ் இருக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். எனக்குக் கசப்பது இதுதான். சொந்த மண்ணில் ஒரு குழி எந்த மனிதனுக்கும் நியாயம், அதை மறுக்கவில்லை. மரியாதை வேறு கணக்கு. 1941இல் ரெபானே முன்னால் இருந்தவை இரண்டு கொடுங்கோலர்கள். 1999இல் எஸ்தோனியா சுதந்திர நாடு, யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஐந்தே வருடத்தில், 2004இல், லிஹுலா ஊரில் ஜெர்மன் சீருடையில் நின்ற வீரனின் நினைவுக்கல்லை இதே நாட்டு அரசு கிரேன் வைத்துத் தூக்கியது. உள்ளூர்க்காரர்கள் கல்லெறிந்தும் தூக்கியது. ரெபானே விஷயத்தில் அந்தத் துணிச்சல் எங்கே போனது?