அம்மாவின் அறுபதும் வில்லோ டீ ரூமும்

அறுபதாம் கல்யாணம் என்றால் நம் வீடுகளில் அது அப்பாவின் அறுபதுதான். திருக்கடையூர், கலசம், மறுபடி ஒரு தாலி, சொந்தம் சூழப் பந்தி என்று எல்லாமே அவர் வயதை வைத்துத்தான் நடக்கிறது. அம்மாவுக்கு அறுபது முடிகிற நாள் யாருக்கும் தெரியாமல் போய்விடும், அன்றைக்கும் அவர்தான் சமைப்பார். எனக்கு இது பல வருடங்களாக உறுத்தல். அதனால் அம்மா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் என்னோடு இருந்தபோது அந்த நாள் வந்ததும் கேக்கும் வேண்டாம், ஓட்டல் பஃபேயும் வேண்டாம், சாக்கிஹால் தெருவில் இருக்கும் வில்லோ டீ ரூமில் ஆஃப்டர்நூன் டீ (டீயும் சிற்றுண்டியும்) என்று முடிவு செய்தேன். இவ்வளவு காசு ஒரு டீக்கா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

அந்த டீ ரூமைத் தொடங்கியவர் கேட் கிரான்ஸ்டன் என்ற பெண். அண்ணன் ஸ்டூவர்ட் தேயிலை வியாபாரி, 1875லேயே கிளாஸ்கோவில் மேசை போட்டு டீ பரிமாற ஆரம்பித்தவர். தங்கை 1878ல் ஆர்கைல் தெருவில் சொந்தமாகக் கடை திறந்தார். அப்போது அந்த ஊரில் வெளியே போய் உட்கார இடம் என்றால் மதுக்கடைதான், அங்கே ஆண்கள்தான். குடியை எதிர்த்த மதுவிலக்கு இயக்கமும் வலுவாக இருந்த காலம். மதுவே இல்லாத, சுத்தமான, அழகான ஓரிடம் கிடைத்ததும் பெண்கள் தனியாகவும் தோழிகளோடும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கல்யாணமான பிறகும் தொழிலில் மிஸ் கிரான்ஸ்டன் என்ற பெயரை அவர் விடவில்லை. நான்கு கடைகள் வரை நடத்தினார், அதில் 1903ல் திறந்ததுதான் வில்லோ.

இதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ், கூடவே அவர் மனைவி மார்கரெட் மெக்டொனால்ட். கட்டட முகப்பில் தொடங்கி நாற்காலி, கரண்டி, பரிமாறும் பெண்களின் உடை வரைக்கும் அவர்கள் கைவண்ணம். முதல் மாடியில் இருக்கிற ரூம் டி லக்ஸ் என்ற அலங்கார அறையைப் பார்த்தால்தான் இது புரியும். வெள்ளிப் பூச்சில் உயரமான முதுகு வைத்த நாற்காலிகள், ஊதா நிறத் துணி, சுவரைச் சுற்றி ஓடும் கண்ணாடிப் பட்டை, தெருவைப் பார்த்த நீள ஜன்னல். மார்கரெட் சுண்ணச் சாந்தில் செய்த அசல் சிற்பப் பலகை இப்போது கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் முழுக்க கணவருக்கே போய்ச்சேர்ந்த காலத்தில் அந்த அறையின் உயிர் மார்கரெட்டுடையது என்பது என் அபிப்பிராயம்.

தன் கணவர் 1917ல் இறந்ததும் மிஸ் கிரான்ஸ்டன் தொழிலைக் கைவிட்டார். பிறகு கட்டடம் ஒரு துணிக்கடையோடு சேர்ந்து, என்னென்னவோ ஆகி, 2014ல் ஓர் அறக்கட்டளை வாங்கிப் புதுப்பித்து 2018ல் திறந்தது. 2024 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது.

சரி, சாப்பாடு. மூன்று தட்டு அடுக்கு. கீழே விரல் நீளச் சாண்ட்விச்சுகள், நடுவில் ஸ்கோன் என்ற குட்டி பன், மேலே குட்டிக் குட்டி இனிப்புகள். நாங்கள் சைவம் என்று முன்பே சொல்லியிருந்தோம். சூடான ஸ்கோனைக் கையால் பிட்டு ஜாமும் கட்டிக் கிரீமும் தடவிச் சாப்பிட்டதில் அம்மாவுக்கு அதுதான் பிடித்தது, என்னுடையதிலும் பாதி அவருக்குப் போனது. டீ தனிப் பானையில், இலைத்தூளாக, வடிகட்டியோடு வந்தது. முதல் கோப்பை பால் இல்லாமல் குடித்துப் பார்த்துவிட்டு, "வாசனை நல்லாத்தான் இருக்கு" என்று பாலையும் சர்க்கரையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படித்தான் குடிக்க வேண்டும், அவரவர் நாக்குக்கு.

ஆனால் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது வேறு. "இவ்வளவு நேரம் உட்கார்ந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாடி?" போடியில் வளர்ந்தவர், தினம் நாலு வேளை டீ போட்டவர், ஒரு டீக்கடை பெஞ்சில் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை. நம் ஊரில் தெருவுக்குத் தெரு டீக்கடை, பெஞ்ச் நிறைய ஆண்கள், செய்தித்தாள், அரசியல், பெண்களுக்கு மட்டும் தூக்குவாளியில் பார்சல். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, அடுத்த மேசையில் சிரித்துக்கொண்டிருந்த வயதான பெண்களைப் பார்த்துவிட்டு, இரண்டாவது பானை டீ சொல்லலாமா என்று கேட்டார். நான் கொடுத்த காசு அந்தக் கேள்விக்குத்தான். அதற்கு மேலும் கொடுப்பேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூணாறு எஸ்டேட்டுகளை வளர்த்த ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் இதே கிளாஸ்கோவில் 1750ல் தொடங்கியது. அதன் கீழ் அங்கே கண்ணன் தேவன் கம்பெனி 1897ல் உருவானது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் போடி வழியாக மலையேறிய தமிழர்கள். தேயிலைப் பெட்டிகள் மலை உச்சியில் இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி தாண்டி, தூத்துக்குடியில் கப்பலேறின. மிஸ் கிரான்ஸ்டன் பரிமாறிய டீயில் அந்த இலையும் கலந்திருக்கலாம். 2015ல் அதே மலையில் போனஸுக்காகவும் கூலிக்காகவும் ஆயிரக்கணக்கான பெண்கள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டு. இதையெல்லாம் அங்கே மேசையில் வைத்தே அம்மாவிடம் சொன்னேன். கொட்டகுடி பேர் வந்ததும் அவர் முகமே மாறிவிட்டது, ஊர்க்கதை ஒரு மணி நேரம் ஓடியது. வரலாற்றுப் பெருமை உள்ள எந்த டீ ரூமாக இருந்தாலும், பானையில் இருக்கும் இலை எந்த மலையில் யார் கையால் பறித்தது என்று மெனுவில் நாலு வரி எழுத வேண்டும். கட்டடக் கலைஞர் பெயருக்கு இடம் இருக்கும்போது இதற்கும் இடம் இருக்கும்.

போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே மாடியில் ரூம் டி லக்ஸில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள், சைவம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் போங்கள், அப்புறம் அவசரம் இல்லாத ஒரு நாளாகப் பாருங்கள்.