காட்பாடிக்கு வருவது தேன்சிட்டு
செந்தொண்டை ஹம்மிங்பேர்ட் பற்றிய கட்டுரை அருமை. 3 கிராம் சொச்சம் எடையுள்ள பறவை மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில், சுமார் 800 கிலோமீட்டர், தாண்டுகிறது என்றதும் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

ஆனால் "காட்பாடியில் எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கும் தினம் வருகிறது" என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். சார், அது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே கிடையாது. இரண்டும் நெருங்கிய சொந்தம்கூட இல்லை. பிழைப்பு ஒன்று என்பதால் அலகு ஒரே மாதிரி நீண்டுவிட்டது. நம்முடையது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். அந்தரத்தில் நின்றாலும் சில நொடிதான். செம்பருத்தி மாதிரி பெரிய பூ என்றால் அடியில் ஓட்டை போட்டுத் திருடும்!

போன வருஷம் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஒன்று கூடு கட்டியது. சிலந்தி நூல், பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் எல்லாம் ஒட்டி, பார்த்தால் குப்பை தொங்குகிற மாதிரி. பக்கவாட்டில் வாசல், அதன்மேல் சின்னத் தாழ்வாரம், உள்ளே பஞ்சு மெத்தை. கட்டியது முழுக்கப் பெண்தான். ஐயா முருங்கை மரத்தில் உட்கார்ந்து பளபளவென்று மேற்பார்வை! அத்தை கொடியைத் தொடவே விடவில்லை, ஒரு மாதம் துணியெல்லாம் மொட்டை மாடியில். முட்டை இரண்டு, பறந்துபோனது ஒன்றுதான். காக்கா வேலையாக இருக்கும்.