சாட்லரின் தாடையும் கிளியரியின் தோளும்

சிட்னியில் சௌத் சிட்னி அணியின் பழைய ரசிகர்கள் மூன்று பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் 1970ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் திகதியில்தான் வந்து நிற்கும். அது ஒரு சனிக்கிழமை. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் சௌத் சிட்னிக்கும் மான்லிக்கும் ரக்பி லீக் இறுதியாட்டம். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள், கையில் பந்துகூட இல்லாத நேரத்தில், மான்லியின் ஜான் பக்னால் விட்ட ஒரு குத்தில் சௌத் சிட்னி அணித்தலைவர் ஜான் சாட்லரின் தாடை எலும்பு முறிந்தது. மீதி எழுபது நிமிடங்களையும் அந்தத் தாடையுடனேயே ஆடி முடித்து, வெற்றிக் கேடயத்தை வாங்கி, ஒலிபெருக்கியில் பேசவும் செய்துவிட்டுத்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கதையை முதலில் சொன்னவர், 1996இல் நான் வேலைக்குச் சேர்ந்த மாஸ்கொட் பகுதிக் கிடங்கில் என்னுடன் பெட்டி அடுக்கியவர். 1970இல் அவருக்குப் பதினான்கு வயது. அந்த மைதானத்தில் 'ஹில்' என்று அழைக்கப்பட்ட புல்மேட்டில் தகப்பனோடு நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர். தேநீர் இடைவேளையில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இடது உள்ளங்கையால் தன் தாடையைத் தாங்கிப் பிடித்து, வலது தோளைத் தாழ்த்தி, சாட்லர் எப்படி எதிராளியின் மேல் மோதுவார் என்பதை அந்தச் சிறிய அறைக்குள்ளேயே எங்களுக்கு நடித்துக் காட்டுவார். பத்து வருடங்களில் அந்தக் காட்சியை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அறை நிறைந்துவிடும்.

ரக்பி லீக் தெரியாதவர்களுக்காக ஒன்றிரண்டு வார்த்தை. அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தை ஏந்தி வருபவனை எதிரணி மடக்கி விழுத்த வேண்டும். இந்த மடக்குதலைத்தான் டாக்கிள் என்கிறோம். இன்று ஆறு டாக்கிளுக்குள் ஓர் அணி தன் வேலையை முடித்தாக வேண்டும். 1967 முதல் 1970 வரை அதற்கு நான்கே வாய்ப்புகள் இருந்தன. நான்கு டாக்கிளுக்குள் எதிரணியின் கோட்டைத் தாண்டுவது கடினம் என்பதால், ஓடிக்கொண்டே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் ஃபீல்ட் கோலுக்கு மதிப்பு கூடியிருந்தது. அன்றைய இறுதியாட்டத்தில் சௌத் சிட்னியின் எரிக் சிம்ஸ் அப்படி நான்கு முறை உதைத்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள். ஆட்டம் 23-12 என்று முடிந்தது. அடுத்த ஆண்டே டாக்கிள் ஆறாகி, ஃபீல்ட் கோலுக்கு ஒரே புள்ளி என்று விதி மாறியது. சிம்ஸின் கால் ஒரு விளையாட்டின் விதியையே மாற்ற உதவியது என்று நான் நம்புகிறேன், ஆனால் சாட்லரின் தாடைக்கு முன்னால் அது எவருக்கும் நினைவில் நிற்பதில்லை.

சாட்லர் முன்வரிசையில் ப்ராப் இடத்தில் ஆடியவர். பந்தை ஏந்தி நேரே மோதுவதும், நேரே வருபவனைத் தடுத்து நிறுத்துவதும்தான் அந்த இடத்தில் நிற்பவனின் தொழில். ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த குரி குரி ஊரிலிருந்து 1963இல் சௌத் சிட்னிக்கு வந்தார். மைதானத்துக்கு வெளியே அவர் பழகும் விதத்தைப் பார்த்து 'ஜென்டில்மன் ஜான்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே அவர் அப்படி இருக்கவில்லை என்பது அந்தப் பெயருக்கு மேலும் சுவை கூட்டியது. முரட்டு ஆட்டத்துக்காக நடுவர்களால் பலமுறை வெளியேற்றப்பட்டவர். அடி வாங்கியவர் மட்டுமல்ல, நிறையக் கொடுத்தவரும்கூட. அதை மறைத்து அவரை ஒரு புனிதராக்குவதை அவரை உண்மையாக நேசித்தவர்கள் எவரும் செய்ததில்லை. அவருடைய தலைமையில் அந்த அணி 1967, 1968, 1970, 1971 என்று ஐந்து ஆண்டுகளில் நான்கு கிண்ணங்களை வென்றது. இடையில் 1969இல் பால்மெய்னிடம் 11-2 என்று தோற்றார்கள். எல்லோரும் சௌத் சிட்னியே வெல்லும் என்று இருந்த வேளையில் வந்த தோல்வி அது. அந்தத் தோல்வியின் காந்தல் அடுத்த ஆண்டும் தீரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால்தான், தாடை முறிந்த பின்னும் அவர் ஏன் வெளியே போக மறுத்தார் என்பது விளங்கும்.

அடி விழுந்ததும் சாட்லர் பக்கத்தில் நின்ற தன் அணித்தோழர் மைக் கிளியரியிடம், தன்னைத் தாங்கிப் பிடிக்கும்படியும், தான் காயப்பட்டது எதிரணிக்குத் தெரியக்கூடாது என்றும் சொன்னார். இந்த விளையாட்டின் ரசிகர்கள் வேத வாக்கியம் போல ஒப்புவிக்கும் வார்த்தைகள் இவைதான். இடைவேளையிலும் சிகிச்சைக்குச் சம்மதிக்காமல் மறுபடி இறங்கினார்.

இந்தக் கதையை நான் என் மகனுக்கும் சொன்னேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராமாயணத்துக்கும் பாரதத்துக்கும் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். கர்ணன் தொடையை வண்டு துளைத்தபோது, குருவின் தூக்கம் கலையக்கூடாது என்று அசையாமல் இருந்தானே, அதைக் கேட்ட அதே இரவில் அவன் சாட்லரையும் கேட்டான். 2014 ஒக்டோபர் 5ஆம் திகதி, 43 ஆண்டுகளுக்குப் பிறகு சௌத் சிட்னி கிண்ணம் வென்ற இரவில், 83,833 பேர் நிறைந்த அரங்கில் நானும் அவனும் இருந்தோம். ஆட்டத்தின் முதல் மோதலிலேயே சாம் பர்ஜஸின் கன்னத்தெலும்பு உடைந்தது. கண் வீங்கி மூடிப் போயிருக்க, எண்பது நிமிடமும் அவர் ஆடினார். கான்டர்பரியை 30-6 என்று வென்று முடித்தபோது ஆட்டநாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1970இல் சாட்லருடைய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அதே கிளைவ் சர்ச்சில்தான். எனக்குப் பின்னால் இருந்த ஒரு முதியவர் "சாட்லர், சாட்லர்" என்று அழுதுகொண்டே சொன்னார். என் கண்ணும் நிறைந்தது. பன்னிரண்டு வயதில் என் மகன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த குளிர்காலத்தில், சிறுவர் ஆட்டம் ஒன்றில், டாக்கிள் செய்யப் போன அவனுடைய நெற்றிப்பொட்டில் எதிரே வந்த பையனின் முழங்கால் இடித்தது. விழுந்தவன் உடனே எழுந்துவிட்டான். கோட்டுக்கு வெளியே நின்ற பெற்றோர் கைதட்டினார்கள், ஒருவர் "நல்லாய் எழும்பினாய், சாட்லர்!" என்று உரக்கக் கத்தினார். பெருமையாக இருந்தது எனக்கு. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பதிவை எழுத முடியாது. சில நிமிடங்கள் கழித்துத்தான் அவன் தவறான பக்கத்து வரிசையில் போய் நிற்பதைக் கண்டேன். தண்ணீர் கொடுக்கும் சாக்கில் கிட்டப் போனேன். அவனுடைய கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லை. ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கோச்சிட்டச் சொல்லாதேங்கோ. என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றான்.

கிளியரியிடம் சாட்லர் சொன்னதையே அவன் என்னிடம் சொன்னான். நான்தான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒன்றரை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். கடவுள் புண்ணியத்தில் குணமாகி அடுத்த பருவம் மறுபடி ஆடப் போனான், நானும் மறிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாட்லரின் கதையைக் கேட்கும்போதெல்லாம், அதில் சொல்லாமல் விடப்படுகிற பகுதிகள் எனக்குக் கேட்கத் தொடங்கின.

அந்தத் தாடையால் சாட்லர் இழந்தது என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. காயம் காரணமாக அவரால் போக முடியாமல், அவருடைய சௌத் சிட்னித் தோழர் ரொன் கூட் ஆஸ்திரேலியாவின் தலைவராகப் போய், லீட்ஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் பிரித்தானியாவை 12-7 என்று வென்று வந்தார். தன் நாட்டை உலகக் கிண்ணத்துக்கு வழிநடத்துவதைவிடப் பெரிய ஆசை ஒரு வீரனுக்கு வேறென்ன இருந்திருக்கும்? அதைக் கொடுத்துத்தான் அவர் அந்தச் சனிக்கிழமையை வாங்கினார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு மறதி நோய் இருந்தது என்பதைக் குடும்பத்தாரே வெளியில் சொன்னார்கள். ஆட்டம்தான் அதற்குக் காரணம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு மனிதனின் நோய்க்குக் காரணம் கற்பிப்பது எளிதான வேலையும் அல்ல. ஆனால் இந்த விளையாட்டில் தலையில் அடிபட்டவர்களின் மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், ஸ்டீவ் ஃபோக்ஸ், போல் கிரீன் போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் இறந்த பிறகு கண்டறிந்த மூளைச் சிதைவைப் பற்றிப் படித்த எவரும், அடிபட்ட தலையோடு எழுந்து நிற்பதை வெறும் வீரம் என்று மட்டும் இனிச் சொல்ல முடியாது.

இதைச் சொன்னால் என் பழைய நண்பர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. விளையாட்டு மென்மையாகிவிட்டது என்பது அவர்களுடைய குறை. 2013இல் தோளால் இடிப்பதைத் தடை செய்தபோதும், அதே ஆண்டில் குத்து விட்டால் பத்து நிமிடம் வெளியே என்று ஆக்கியபோதும், 2021 மே மாதத்தில் பிரிஸ்பேனில் ஒரே வார இறுதியில் தலையைத் தொட்டவர்களையெல்லாம் நடுவர்கள் வெளியே அனுப்பியபோதும் இதே புலம்பல்தான். "சாட்லர் இன்று ஆடினால் என்ன சொல்வார்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் முதலில் காப்பாற்றப்பட்டிருப்பது சாட்லரின் தாடைதான். கையில் பந்தில்லாத ஒருவனைக் குத்தியவன் அந்த நிமிடமே மைதானத்தை விட்டுப் போயிருப்பான். சாட்லரின் பெயரைச் சொல்லியே சாட்லரைக் காத்திருக்கக்கூடிய விதியை ஏசுவது எனக்கு விளங்கவில்லை.

இன்றைக்கு எந்த அணியையும் சாராத மருத்துவர் ஒருவர் திரையில் பார்த்து, ஐயம் எழுந்தால் ஒருவனைப் பரிசோதனைக்கு அழைக்கிறார். மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் பதினொரு நாட்கள் ஆட முடியாது என்பது 2023 முதல் விதி. "என்னைப் பிடித்துக்கொள்" என்று சொல்லி மறைக்கும் சுமையை அந்த விதி வீரனின் தலையிலிருந்து இறக்கி வைக்கிறது. பதின்மூன்று வயதில் என் மகன் அந்தச் சுமையைத் தூக்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அப்படியானால் சாட்லரை மறந்துவிட வேண்டுமா? ஒருநாளும் இல்லை. நான் அவரை முன்பைவிட அதிகம் நேசிக்கிறேன். அவருடைய மகன் ஸ்கொட் சாட்லர் 2003 இறுதியாட்டத்தில் செய்ததையும் சேர்த்தே நேசிக்கிறேன். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, ரூஸ்டர்ஸ் அணியின் டொட் பர்ன் எல்லைக்கோட்டை ஒட்டித் தனியாக ஓடினார். அவரைவிட வேகம் குறைந்த, முன்களத்தில் லாக் இடத்தில் ஆடிய ஸ்கொட், மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து, இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே இழுத்துப் போட்டார். ஸ்கொட்டின் பென்ரித் அணி 18-6 என்று வென்றது. அந்த டாக்கிளில் யாருடைய எலும்பும் முறியவில்லை; இருபது ஆண்டுகளாக ஊரே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடினமாக ஆடுவது என்றால் இதுவும்தான் என்று தகப்பனின் கதைக்குப் பக்கத்தில் மகனின் கதையையும் வைத்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கிளியரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாட்லர் தனியாக நிற்கவில்லை. அவருடைய எடையை வாங்கிக்கொண்டு நின்ற ஒருவர் இருந்தார். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி அவர் அன்று ஒரு டிரையும் போட்டார். கிடங்கில் கேட்ட நூறு தடவையிலும் அவர் பெயர் ஒரு நொடியில் கடந்து போய்விடும்.

2023 மார்ச் 20ஆம் திகதி, எண்பதாவது வயதில் சாட்லர் காலமானார். அன்று மாலை அந்தப் பழைய வேலைத்தோழர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஓய்வு பெற்று மத்திய கடற்கரைப் பக்கம் போய்விட்டவர். நாங்கள் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. வழக்கம் போலத் தொடங்கினார்: சனிக்கிழமை, புல்மேடு, தகப்பன் வாங்கித் தந்த 'பை' பலகாரம், முதல் பத்து நிமிடம். நான் குறுக்கே புகுந்து, அந்த அடி விழுந்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள், பயந்துபோனீர்களா என்று கேட்டேன். இத்தனை வருடங்களில் அதை நான் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எனக்கு ஒன்றும் தெரியாது," என்றார். "நாங்கள் நின்ற இடத்திலிருந்து எதுவுமே தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை அம்மா வாசித்துச் சொன்னபோதுதான் தெரியும்."